காத்தலோனியாவின் பாதுகாவலர் ஒருவரா, பலரா?

கேள்வி: ரோஸ்ஹில் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். என் மகள் பார்செலோனாவில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே தங்கிவிட்டதால், வரும் செப்டம்பரில் நானும் என் கணவரும் அவளைப் பார்க்கப் போகிறோம். போகும் ஊரின் சமய வழக்கங்களை ஓரளவு அறிந்துகொண்டு போவோம் என்று படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடியது. ஓரிடத்தில், பார்செலோனாவைத் தலைநகராகக் கொண்ட ஸ்பெயின் நாட்டுப் பகுதியான காத்தலோனியாவின் பாதுகாவலர் புனித ஜோர்டி என்கிறார்கள். இன்னோரிடத்தில் மோன்செராட் மலையில் வீற்றிருக்கும் கருநிற மாதா என்கிறார்கள். பார்செலோனா நகரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் மெர்சே மாதா என்கிறார்கள். மூச்சு விடுவதற்குள் எவுலாலியா என்ற சிறுமியின் பெயரையும் சேர்த்துவிடுகிறார்கள்.

நம் வீடுகளில் குலதெய்வம் ஒன்று, ஊர்க் கோயில் அம்மன் ஒன்று, மனத்துக்கு உகந்த சாமி ஒன்று என்று வைத்துக்கொண்டு எதற்கும் குறைவைக்காமல் கும்பிடுகிறோமே, அதைப் போன்றதா இது? அல்லது ஒருவர் வந்த பிறகு முன்னவர் ஒதுக்கப்பட்டாரா? இங்கே மொரீஷியஸில் எங்கள் தெருவில் கத்தோலிக்கக் குடும்பங்கள் பல உண்டு; செப்டம்பர் 8-ஆம் தேதி இரவு அவர்கள் சேந்த் குருவாவுக்கு நடந்து போகும்போது எங்கள் வீட்டிலிருந்தும் யாராவது ஒருவர் கூடவே போய் அருளாளர் லாவால் பாதிரியாரின் கல்லறையில் பூ வைத்து வருவது வழக்கம். ஆகவே புனிதர் என்பவர் எனக்கு முற்றிலும் அந்நியர் அல்லர். ஒரே மண்ணுக்கு நால்வர் எப்படி என்பதுதான் விளங்கவில்லை. அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1: துறைமுகத்துக்காரர்

அம்மா, வணக்கம். நான் சில ஆண்டுகள் பார்செலோனா துறைமுகத்தில் வேலை பார்த்தவன். இந்தக் கேள்வியை அங்குள்ளவர்களிடம் கேட்டால் உங்களைச் சற்று வியப்போடு பார்ப்பார்கள், ஏனென்றால் அவர்கள் இதைக் குழப்பமாகவே நினைப்பதில்லை. அந்தப் பட்டங்கள் ஒரே காலத்தில் ஒரே அதிகாரம் பகிர்ந்து கொடுத்தவை அல்ல. ஒவ்வொன்றும் குறிப்பிட்ட ஒரு நிலப்பரப்புக்காக, குறிப்பிட்ட ஒரு முடிவினாலோ நெருக்கடியினாலோ வந்து சேர்ந்தது. எப்போது, யார், எதற்காகக் கொடுத்தார்கள் என்று பார்த்தால் பெரும்பாலான முடிச்சுகள் அவிழ்ந்துவிடும்.

புனித ஜோர்டி வேறு யாருமல்லர், நம் ஊர்த் தேவாலயங்களில் குதிரைமீது அமர்ந்து ஈட்டியால் பாம்பைக் குத்தும் அதே புனித ஜார்ஜியார்தான். போர்வீரர்களின் புனிதராக அரசர்களும் பிரபுக்களும் போற்றி வந்த அவருடைய நாளை, 1456-ஆம் ஆண்டில் காத்தலோனியாவின் நாடாளுமன்றமாக விளங்கிய சபை பார்செலோனாவில் கூடி நாடு முழுவதற்குமான திருநாளாக அறிவித்தது. அதாவது இது ஓர் அரசியல் சமூகம் தனக்காகத் தேர்ந்துகொண்ட பாதுகாவல். மக்கள் அதன்மேல் தங்கள் கதையைப் போர்த்தினார்கள். அந்தக் கதைப்படி மோன்பிளாங்க் என்ற ஊரின் மதிலுக்கு வெளியே ஒரு நாகம் குடியிருந்தது. ஆடுமாடுகளைக் கொடுத்துத் தீர்ந்தபின் சீட்டுக் குலுக்கி மனிதர்களையே அதற்கு இரையாக அனுப்பினார்கள். அரசன் மகளின் பெயர் வந்த அன்று ஜோர்டி வந்து அதைக் குத்திக் கொன்றார். இரத்தம் சிந்திய இடத்தில் ரோஜாச் செடி முளைத்தது. ஏப்ரல் 23 அன்று தெருவெல்லாம் சிவப்பு ரோஜா விற்பது இதனால்தான். ரோஜாவோடு ஒரு கோதுமைக் கதிரும், காத்தலான் கொடியின் மஞ்சள் சிவப்புப் பட்டை போட்ட நாடாவும் சேர்த்துக் கட்டித் தருவார்கள். 1926-இல் தொடங்கிய புத்தகத் திருநாள் 1930-இல் இந்தத் தேதிக்கு மாற்றப்பட்டதிலிருந்து பூவோடு புத்தகமும் சேர்ந்துகொண்டது. யுனெஸ்கோ 1995-இல் உலகப் புத்தக நாளுக்கு இதே தேதியைத் தேர்ந்ததையும் நீங்கள் அறிந்திருக்கலாம். இத்தனை ஆரவாரம் இருந்தும் அன்று அரசு விடுமுறை கிடையாது. நாங்கள் வேலை முடித்துத்தான் பூ வாங்கப் போவோம்.

மோன்செராட் மாதாவின் நிலை வேறு. அங்கே முதலில் வந்தது மலை. பார்செலோனாவிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், விரல்களை அடுக்கி நிறுத்தியதைப் போன்ற பாறைகளோடு அது எழுந்து நிற்கிறது. 880-ஆம் ஆண்டில் சனிக்கிழமை மாலைகளில் இடைச் சிறுவர்கள் மலைமீது ஒளியும் இசையும் இறங்கக் கண்டார்கள் என்றும், குகை ஒன்றில் மாதாவின் சுரூபம் கிடைத்தது என்றும், அதை மன்ரேசா ஊருக்குத் தூக்கிச் செல்ல முயன்றபோது அசைக்க முடியாத அளவுக்குக் கனத்துவிட்டது என்றும் சொல்வார்கள். இருந்த இடத்தை விட்டு நகர மறுத்த சாமிகளின் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இப்போதுள்ள மரச்சுரூபம் 12-ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. மலையிலுள்ள துறவியர் மடமான ஆதீனம் அதற்கும் முந்தியது. 1025-ஆம் ஆண்டளவில் மடாதிபதி ஒலீபா அதை நிறுவினார். காத்தலோனியாவின் பாதுகாவலி என்ற பட்டத்தைத் திருத்தந்தை 13-ஆம் லியோ கொடுத்தது 1881-இல்தான். பட்டம் வருவதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பே மக்கள் அவளைச் செல்லமாக மொரெனெத்தா, அதாவது குட்டிக் கருப்பி, என்று அழைத்து வந்தார்கள்.

வரிசையில் நின்று, பீடத்துக்குப் பின்னால் உள்ள படிகளில் ஏறி, ஒவ்வொருவராக அவள் முன் போய் நிற்க வேண்டும். சுரூபத்தைக் கண்ணாடி மூடியிருக்கும். வலக்கையில் அவள் ஏந்தியிருக்கும் உருண்டை மட்டும் கண்ணாடியின் துளை வழியே வெளியே நீண்டிருக்கும். மடியிலுள்ள குழந்தையின் கையில் ஒரு பைன் காய். பக்தர்கள் அந்த உருண்டையைத் தொட்டு முத்தமிட்டு நகர்ந்துவிடுவார்கள், ஏனென்றால் நின்று வேண்டிக்கொள்ளப் பின்னால் வருபவர்கள் விடமாட்டார்கள். கோயிலுக்குப் போகாத, கடவுள் நம்பிக்கை தனக்கு இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லும் தோழர்கள்கூட என்னோடு வந்தபோது அந்த உருண்டையைத் தொடாமல் திரும்பியதில்லை. ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியில் காத்தலான் மொழி பொதுவாழ்விலிருந்து விலக்கப்பட்டிருந்தபோது, 1947 ஏப்ரல் 27 அன்று மாதாவைப் புதிய அரியணையில் அமர்த்தும் விழாவுக்குப் பெருந்திரள் மலையேறியது; தங்கள் மொழியைப் பொது இடத்தில் கேட்கப் பலருக்கு அன்றுதான் வாய்த்தது. அவளைச் சமயத்துக்குள் மட்டும் அடக்கிவிட முடியாதது இதனால்தான்.

இனி நீங்கள் கேட்ட ஒதுக்கப்பட்டவர். எவுலாலியா, ரோமப் பேரரசன் தியோக்கிளேசியனின் காலத்தில், ஏறத்தாழ 303-இல், தன் விசுவாசத்தை மறுக்காததால் கொல்லப்பட்ட பதின்மூன்று வயதுச் சிறுமி என்பது மரபு. பார்செலோனாப் பேராலயத்தின் நிலவறையில் அவள் கல்லறை இருக்கிறது. அருகிலுள்ள முற்றத்துக் குளத்தில் பதின்மூன்று வெள்ளை வாத்துகளை வளர்க்கிறார்கள், அவள் வயதுக்கு ஒன்றாக. நகரத்தின் மிகப் பழைய பாதுகாவலி அவள்தான். ஆனால் 1687-இல் வெட்டுக்கிளிகள் வயல்களை அழித்தபோது நகர மன்றம் மெர்சே மாதாவிடம் முறையிட்டது. ஆபத்து நீங்கியதும் அவளையே பாதுகாவலியாக அறிவித்தது. திருத்தந்தை 9-ஆம் பயஸ் 1868-இல் அதை உறுதிசெய்தார். இப்போது செப்டம்பர் 24 தான் நகரத்தின் பெருவிழா. பிப்ரவரி 12-இல் வரும் எவுலாலியாவின் திருநாள் பெரும்பாலும் குழந்தைகளுக்கான குளிர்கால விழாவாகச் சுருங்கிவிட்டது. ஆயினும் மெர்சே விழாவன்று மழை பெய்தால், தன்னை மறந்துவிட்டார்களே என்று எவுலாலியா அழுகிறாள் என்பார்கள். செப்டம்பர் இறுதியில் அங்கே மழை பெய்வது ஒன்றும் அரிதல்ல. அதனால் அவள் மறக்கப்படுவதும் இல்லை.

மறுமொழி 2: கத்தோலிக்கத் தமிழன், போர்ட் லூயிஸ்

துறைமுகத்து ஐயா விரிவாக எழுதியிருக்கிறார். ஆனால் குலதெய்வம், காவல் தெய்வம் என்ற சட்டகத்தில் இதை வைத்துப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. திருச்சபையின் போதனைப்படி ஆராதனை கடவுள் ஒருவருக்கே உரியது. புனிதர்களுக்கு நாம் செலுத்துவது வணக்கம். அவர்களிடம் நாம் கேட்பது பரிந்துரை. ஓர் ஊருக்கு எத்தனை பாதுகாவலர்கள் இருந்தாலும் போட்டி எழாததற்குக் காரணம், எல்லாரும் ஒரே வாசலில் நமக்காகப் பேசுபவர்கள் என்பதே. மோன்செராட் மாதாவும் மெர்சே மாதாவும் இருவர் அல்லர். ஒரே மரியாவை இரண்டு இடங்களில், இரண்டு தேவைகளுக்காக அழைக்கும் முறைகள். இதை விட்டுவிட்டு எண்ணத் தொடங்கினால் கணக்கு தப்பாகத்தான் வரும்.

மெர்சே மாதாவுக்கு வெட்டுக்கிளிக்கு முந்திய வரலாறு ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது சரியல்ல. 1218-இல் பெரே நோலாஸ்கோ என்பவர் பார்செலோனாவில் ஒரு துறவற சபையை நிறுவினார். கடற்கொள்ளையிலும் போரிலும் பிடிபட்டு அடிமைகளாக்கப்பட்ட கிறிஸ்தவர்களைப் பணம் கொடுத்து மீட்பதே அதன் பணி. பணம் போதாவிட்டால் துறவியே பிணையாக அங்கே தங்கிவிட வேண்டும் என்றும் உறுதிமொழி எடுத்தார்கள். மெர்சே என்பது அந்தச் சபையின் மாதா. கர்ப்பிணிகளும் மருத்துவச்சிகளும் வேண்டிக்கொள்ளும் புனித ரமோன் நொனாத்தும் அதே சபையைச் சேர்ந்தவர்தான். தாய் இறந்தபின் அவள் வயிற்றைக் கீறி எடுக்கப்பட்ட குழந்தை என்பதால் அவருக்கு அந்தப் பொறுப்பு வந்தது.

அடிமை மீட்பு என்று சொன்னவுடன் நம் தீவில் இருப்பவர்கள் நினைக்க வேண்டிய வேறொரு காத்தலான் இருக்கிறார். பெரே கிளாவெர் 1580-இல் உர்ஜெல் வட்டாரத்திலுள்ள வெர்து என்ற சிற்றூரில் பிறந்து, இயேசு சபையில் சேர்ந்து, இன்றைய கொலம்பியாவின் கார்த்தகேனாத் துறைமுகத்துக்கு 1610-இல் போய்ச் சேர்ந்தவர். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பல் வந்தால், கரையில் நின்று காத்திருக்காமல் மொழிபெயர்ப்பாளர்களைக் கூட்டிக்கொண்டு கப்பலின் அடித்தட்டுக்குள்ளேயே இறங்குவார். உபதேசம் பிறகுதான்; முதலில் தண்ணீரும் பழமும் மருந்தும் கொடுப்பார். 1622-இல் துறவறத்தின் இறுதி வார்த்தைப்பாடு கொடுத்தபோது, தாம் என்றென்றும் ஆப்பிரிக்கர்களின் அடிமை என்று எழுதிக் கையொப்பமிட்டார். 1888-இல் அவரைப் புனிதராக உயர்த்தியவரும், மோன்செராட் மாதாவுக்குப் பட்டம் கொடுத்த அதே 13-ஆம் லியோதான்.

இப்போது தேதியைப் பாருங்கள். கிளாவெரின் திருநாள் செப்டம்பர் 9. அடிமை முறை 1835-இல் ஒழிந்த நம் நாட்டுக்கு 1841-இல் வந்து, விடுதலை பெற்ற மக்களிடையே அவர்களுடைய கிரியோல் மொழியிலேயே பணியாற்றிய அருளாளர் ஜாக் தெசிரே லாவால் மறைந்தது 1864 செப்டம்பர் 9. சேந்த் குருவாவில் நாம் விழித்திருக்கும் அதே நாளில் திருச்சபை கிளாவெரையும் நினைவுகூர்கிறது. இதில் பெரிய மறைபொருள் எதையும் நான் தேடவில்லை. ஆனால் அம்மா பார்செலோனாவில் யாரைப் பார்ப்பது என்று கேட்டால், நாகத்தைக் கொன்றவரைவிட நமக்கு நெருக்கமானவர் கப்பலுக்குள் இறங்கியவர்தான் என்பேன்.

மறுமொழி 3: ஐயப்பாட்டாளன்

ஒரு சிறு குறுக்கீடு. ஜோர்டி காத்தலோனியாவில் காலடி வைத்ததாக எந்தச் சான்றும் இல்லை. இங்கிலாந்துக்கும் ஜார்ஜியாவுக்கும் அரகோனுக்கும்கூட அவரே பாதுகாவலர். எவுலாலியாவைப் பொறுத்தவரை, மேரிதா நகரத்திலும் அதே பெயரில், ஏறத்தாழ அதே வயதில், அதே காலத்தில் கொல்லப்பட்ட ஒரு மறைசாட்சி இருப்பதால், இருவரும் ஒருவரே என்று கருதும் அறிஞர்கள் உண்டு. மோன்செராட் மாதாவின் கருநிறத்துக்கும் விளக்கம் எளிது: பல நூற்றாண்டு மெழுகுத்திரிப் புகை, மேற்பூச்சில் காலப்போக்கில் ஏற்பட்ட மாற்றம், பின்னர் அந்த நிறத்தையே ஏற்றுத் தீட்டிய வண்ணம். கதைகளை ரசிக்கலாம், ஆனால் வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

மறுமொழி 4: துறைமுகத்துக்காரர்

ஐயப்பாட்டாளருக்கு: நீங்கள் சொன்ன மூன்றையும் மறுக்கவில்லை. ஆனால் அவை அம்மா கேட்ட கேள்விக்கு விடையாகா. ஒரு புனிதர் பிறந்தாரா என்பது ஒரு கேள்வி; அவரிடம் ஓர் ஊர் எதை ஒப்படைத்தது என்பது வேறு. காத்தலோனியாவிலுள்ள ஜிரோனா நகரத்தின் ஆயராக இருந்த புனித நார்சீஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1285-இல் பிரெஞ்சு அரசன் மூன்றாம் பிலிப்பின் படை அந்நகரத்தைப் பிடித்து நார்சீஸின் கல்லறையைச் சூறையாடியபோது, அதிலிருந்து ஈக்கூட்டம் கிளம்பிப் படையினரையும் குதிரைகளையும் கடித்துக் கொன்றது என்பது கதை. ஈக்களை யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. படையில் கொள்ளைநோய் பரவியதும், அது பின்வாங்கியதும், அரசன் அதே ஆண்டில் பெர்ப்பினியாவில் இறந்ததும் வரலாறு. அந்த நினைவின் பலம் எப்படிப்பட்டதென்றால், நெப்போலியனின் படைகள் அதே நகரத்தை முற்றுகையிட்ட காலத்தில் நகரத்தார் இறந்து பல நூற்றாண்டுகளான அந்த ஆயரைத் தங்கள் படைகளின் தலைமைத் தளபதியாக நியமித்தார்கள். இன்றும் அக்டோபர் இறுதியில் அவர் திருநாள் வரும்போது ஜிரோனாவின் இனிப்புக் கடைகளில் ஈ வடிவச் சாக்லேட் கிடைக்கும். நானும் தின்றிருக்கிறேன், சுவையில் குறையில்லை.

போர்ட் லூயிஸ் அன்பருக்கு: பரிந்துரை என்ற உங்கள் விளக்கம் சரியானதே, பங்குத் தந்தையரும் அப்படித்தான் போதிப்பார்கள். ஆனால் மக்கள் நடந்துகொள்வது எப்போதும் போதனையின் வரிப்படி அமைவதில்லை. பிரனேய மலையில் நூரியா பள்ளத்தாக்கில் ஒரு மாதா இருக்கிறாள். புனித ஜில் அங்கே தவம் செய்தபோது மணியடித்து இடையர்களை அழைத்து ஒரு பானையில் சமைத்துப் போட்டார் என்பது மரபு. குழந்தை வேண்டும் பெண்கள் இன்றும் அங்கே போய் அந்தப் பானைக்குள் தலையை நுழைத்து மணிக்கயிற்றை இழுக்கிறார்கள். பிறந்த பெண்ணுக்கு நூரியா என்று பெயரிடுவதும் உண்டு. அந்தக் கயிற்றை இழுக்கும் பெண்ணுக்கு மாதா பரிந்துரைப்பவளா, கொடுப்பவளா என்று நான் கேட்கத் துணிய மாட்டேன்.

மறுமொழி 5: கத்தோலிக்கத் தமிழன், போர்ட் லூயிஸ்

கேட்டாலும் அந்தப் பெண் சரியான விடையைத்தான் சொல்வாள், நீங்கள்தான் நம்ப மாட்டீர்கள். அது நிற்க, போதனைக்கும் மக்கள் பழக்கத்துக்கும் இடையே காத்தலோனியாவில் ஒரு பாலம் உண்டு, அது கோய்க்ஸ் என்ற பாட்டு. ஒவ்வொரு மலைக்கோயிலுக்கும், ஒவ்வொரு புனிதருக்கும் அவருக்கே உரிய ஒரு பாட்டு, ஒரே பக்கம் அச்சிட்ட தாளில் இருக்கும். தாளின் உச்சியில் புனிதரின் படம், இருபுறமும் பூச்சாடி, சுற்றிலும் பூவேலைக் கரை, நடுவில் பத்தி பத்தியாகச் செய்யுள், ஒவ்வொரு செய்யுளும் பல்லவியில் வந்து முடியும், இறுதியில் இலத்தீனில் ஒரு மன்றாட்டு. திருநாளன்று மலைக்கோயிலுக்கு நடந்து போய்த் திருப்பலி முடிந்தபின் அனைவரும் சேர்ந்து அதைப் பாடுவார்கள். அந்த ஊரில் எந்த நோய்க்கு, எந்தப் பஞ்சத்துக்கு அந்தப் புனிதரை நாடினார்கள் என்ற விவரம் முழுவதும் செய்யுளிலேயே இருக்கும். தாள்களைச் சேகரிப்பவர்கள் அங்கே ஏராளம். எந்தக் கோயிலுக்குப் போனாலும் ஒன்று வாங்கி வாருங்கள் அம்மா. பெரிய விலை இருக்காது.

கேள்வியாளர்: ரோஸ்ஹில் ஆசிரியை

இருவருக்கும் நன்றி, ஐயப்பாட்டாளருக்கும்தான். நாடு தேர்ந்துகொண்டது ஒன்று, மலை தந்தது ஒன்று, நகரம் ஆபத்தில் பற்றிக்கொண்டது ஒன்று என்ற அளவில் எனக்குத் தெளிவாகிவிட்டது. எவுலாலியாவை நினைத்தால்தான் மனம் கேட்கவில்லை. செப்டம்பர் தொடக்கத்திலிருந்து மாத இறுதிவரை அங்கே இருப்போம். என் கணவருக்கு முழங்கால் வலி உண்டு, நீண்ட மலையேற்றம் இயலாது. எதைப் பார்ப்பது, எதை விடுவது?

மறுமொழி 6: துறைமுகத்துக்காரர்

முழங்கால் வலி தடையில்லை. மோன்செராட்டுக்கும் நூரியாவுக்கும் பற்சக்கர இரயில் போகிறது. நூரியாவுக்குச் சாலையே கிடையாது என்பதால் எல்லாருக்கும் அதுதான் வழி. செப்டம்பர் 8 நூரியா மாதாவின் திருநாள், கூட்டம் நெருக்கும்; ஓரிரு நாள் கழித்துப் போனால் பானையையும் மணியையும் அமைதியாகப் பார்க்கலாம். மோன்செராட்டில் மாதாவைக் கிட்டே போய்ப் பார்க்கப் படியேறத்தான் வேண்டும், ஆனால் சுரூபம் பீடத்துக்கு மேலே இருப்பதால் கீழே இருக்கையில் அமர்ந்தும் தரிசிக்கலாம். சிறுவர்களின் பாடகர் குழு பாடும் வேளையை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மெர்சே விழாவில் நகரமன்றச் சதுக்கத்தில் மனிதக் கோபுரம் எழுப்புவார்கள், தெருவில் ஆளுயரத்தைவிடப் பெரிய அரசன் அரசி பொம்மைகள் ஆடும், இரவில் பேய் வேடமிட்டவர்கள் தீப்பொறி சிதற ஓடுவார்கள். தீப்பொறி ஓட்டத்துக்குப் பருத்தித் துணி உடுத்திப் போங்கள். பட்டுச் சேலை கூடவே கூடாது. மெர்சேயின் கோயில் துறைமுகத்துக்கு அருகிலேயே இருக்கிறது. அதன் குவிமாடத்தின்மேல் நிற்கும் மாதாவின் பெரிய உருவத்தைக் கடற்கரையிலிருந்தே பார்க்கலாம். வெர்துவுக்குப் போவதானால் உங்கள் மகள் காரை ஓட்ட வேண்டியிருக்கும். கிளாவெர் பிறந்த வீட்டில் அவருக்கு ஒரு திருத்தலம் உண்டு. எவுலாலியாவுக்கு அவ்வளவு தொலைவு அலைய வேண்டாம். பேராலயத்தின் முற்றத்தில் வாத்துகளைப் பார்த்துவிட்டு, பீடத்துக்கு முன்னால் இறங்கும் படிகளின் அருகே நின்றாலே நிலவறைக் கல்லறை தெரியும்.